யாரும் தொடாதீங்க, நிக்கட்டும்

"…நின்னுட்டுது இல்ல, அது நல்லதுதான். யாரும் தொடாதீங்க, நிக்கட்டும். சார், நீங்களும் தொடாதீங்க" என்று அக்கா சொன்னபோது, தேங்காய்த்திட்டு மீன்பிடித் துறைமுகத்தில் சாமியானாவுக்குக் கீழே உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரு கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். திரையின் நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி முளைத்திருந்தது. பிழைச் செய்தி. படகுக்காரர் சங்கத்துக்கு நாங்கள் எழுதிக்கொடுத்த புரோகிராம், திறப்புவிழா அன்றைக்கே, மாலையும் சால்வையும் காத்திருக்கும்போதே நின்றுபோயிருந்தது. எங்கள் முதலாளியின் கை மவுஸுக்கு மேலே அந்தரத்தில் அப்படியே இருந்தது.

அதற்கப்புறம் அக்கா என்ன செய்தார் என்று சொல்லத்தான் இதை ஆரம்பித்தேன். ஆனால் அவர் எப்படிப்பட்டவர் என்று தெரியாமல் அதை மட்டும் சொன்னால், சரியான பிடிவாதக்காரி என்று நினைத்துக்கொள்வீர்கள். பிடிவாதக்காரிதான். ஆனால் அந்தப் பிடிவாதத்துக்கு ஒரு வாசனை இருந்தது.

புதுச்சேரியில் காந்தி வீதியிலிருந்து பிரிகிற ஒரு சந்தில், மாடியில், எங்கள் ஆபீஸ். கடைகளுக்கும் சின்னக் கம்பெனிகளுக்கும் கணக்கு எழுதுகிற, சரக்கு பார்க்கிற புரோகிராம்கள் செய்துகொடுப்போம். இரண்டாயிரத்துக்குப் பிறகு வந்த அந்த முதல் சில வருஷங்களில் ஊரில் எல்லாருக்கும் திடீரென்று கம்ப்யூட்டர் வேண்டியிருந்தது. எதற்கு என்றுதான் தெரியாது. அக்காவும் நானும் பக்கத்துப் பக்கத்து மேஜை. ஏறக்குறைய ஒரே வயது. ஆனாலும் நான் அக்கா என்றுதான் கூப்பிட்டேன். ஐம்பதைத் தாண்டிய முதலாளியும் அக்கா என்றுதான் கூப்பிட்டார். பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை, நானும் இங்கே சொல்லப்போவதில்லை.

அவர் ஊர் பிள்ளைச்சாவடி. கடலோரத்துப் பெண் என்பதால், புரோகிராம் எழுதும் மொழிகளைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் உடனே படகு உதாரணம் சொல்வார் என்று எதிர்பார்ப்பார்கள். "எங்க ஊருன்னா எல்லாத்துக்கும் படகுதானா? நான் எப்பவோ ஒரு வாட்டி ஏறினேன், கரை வர்ற வரைக்கும் வாந்தி" என்பார். அவருடைய உதாரணங்கள் எல்லாம் வீட்டு மனுஷர்கள். சி மொழியைப் பற்றிக் கேட்டால், "அது கேட்டதையும் குடுக்கும், கேக்காததையும் எங்கேர்ந்தோ எடுத்தாந்து குடுக்கும், நாமதான் பாத்து வாங்கணும்" என்பார். ஜாவா கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரியாம். ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாலும், மொதல்ல உக்காருங்க, எந்த ஊரு, யாரு வூடு என்று எல்லாம் கேட்டுவிட்டுத்தான் தருமாம். பிஎச்பி எதைச் சொன்னாலும் தலையாட்டுகிற மாப்பிள்ளை. நான் இவற்றையெல்லாம் வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போவேன். பாகூர்ப் பக்கம் எங்கள் ஊர் வருவதற்குள் எனக்கே அந்த மொழிகளோடு ஒரு உறவுமுறை வந்துவிட்டிருக்கும்.

ஆனால் எந்த வேலைக்கு எந்த மொழி என்று கேட்டால் மட்டும் அவர் மொழியைப் பற்றிப் பேசவே மாட்டார். "யாரு கூட குடியிருக்கப் போவுது அது?" என்று கேட்பார்.

எங்கள் மாடிக்குக் கீழே ஒரு பாய், புத்தக பைண்டிங் கடை வைத்திருந்தார். அவர் தாத்தா காலத்துக் கடை. சரக்கு பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று வந்தார். துபாயிலிருந்து அவர் தங்கை மகன் போன் பண்ணி, எல்லாம் ஜாவாவில்தான் இருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தானாம். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. மறுநாள் காலை கீழே போய், அட்டை வெட்டுகிற மேஜைக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டார். மதியம் கடை சாத்துகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தார். மேலே வந்ததும், "ஃபாக்ஸ்ப்ரோ" என்றார். கறுப்புத் திரை, பழைய சரக்கு, யாரும் அப்போது சீந்தாதது. ஏன் என்று கேட்டேன்.

"பாய் கையில எப்பவும் பசைப்பா. மவுஸைத் தொட்டார்னா அது அவர் கூடவே வூட்டுக்குப் போயிடும்."

அவர் எழுதிக்கொடுத்த புரோகிராமில் எல்லாவற்றையும் நாலைந்து பட்டன்களிலேயே செய்துவிடலாம். கீபோர்டுக்குப் பாயே ஒரு பிளாஸ்டிக் உறை தைத்துப் போட்டார். துபாய்க்காரன் லீவில் வந்தபோது அந்தத் திரையைப் பார்த்து முகம் சுளித்தானாம். "உனக்கு வேணும்னா அழகா இருக்குறதா ஒண்ணு வாங்கிக்க மாப்ள. இது எனக்கு" என்று பாய் சொன்னதை மாடிப்படியில் நின்று நாங்கள் இரண்டு பேரும் கேட்டோம். அக்கா கண்ணை மூடிச் சிரித்தார்.

இது அவருடைய ஒரு பாதி. இன்னொரு பாதிதான் அந்த 'தொடாத.'

புதுச்சேரியில் மதியம் ஒரு மணிக்குக் கடைகளைச் சாத்தினால் நாலு மணிக்குத்தான் திறப்பார்கள். அந்த நேரத்தில் தெரு தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல இருக்கும். மூடிய கதவுகள்மேல் வெயில் அசையும். எங்கோ ஒரு சைக்கிள் செயின் மட்டும் கேட்கும். அப்படி ஒரு மதியம் நான் எழுதிய புரோகிராம் ஒன்று நின்றுபோனது. தட்டாஞ்சாவடியில் ஒரு கம்பெனிக்கு, வேலையாட்களின் பெயர்களையெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துச் சம்பளச் சீட்டு போடுகிற புரோகிராம். திரை உறைந்துவிட்டது. எல்லாரும் செய்வதைப்போல நானும் மூன்று பட்டனைச் சேர்த்து அழுத்திக் கொன்றுவிடப் போனேன்.

"தொடாத" என்றார் பக்கத்து மேஜையிலிருந்து.

புளிச்சோற்று டப்பாவை எடுத்துக்கொண்டு வந்து என் திரைக்கு முன்னால் உட்கார்ந்தார். கையை மடியில் வைத்துக்கொண்டார். அவர் யார் கீபோர்டிலும் கை வைக்க மாட்டார். உறைந்த திரையைக் கடலைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கும் ஒரு பிடி சோறு கொடுத்தார். மின்விசிறி சுற்றியது. எனக்குத் தூக்கம் வந்தது.

"நிக்கலப்பா இது. எங்கியோ போயிக்கினே இருக்குது. எங்க போவுதுன்னு சொல்லு பாப்போம்."

நான் என் புரோகிராமை வரி வரியாக வாயால் சொல்லிக்கொண்டு வந்தேன். முதல் ஆளை எடு. பெயரைப் படி. சம்பளத்தைப் போடு. ஆட்கள் தீரும்வரை திரும்பச் செய். சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. அடுத்த ஆளுக்குப் போ என்ற ஒரு வரியை நான் எழுதவே இல்லை. பாவம் அது, முதல் ஆளையே கூப்பிட்டு, அவனுக்கே சம்பளம் போட்டு, மறுபடியும் அவனையே கூப்பிட்டுக்கொண்டிருந்தது. புரோகிராம் எழுதுகிற எல்லாரும் வாழ்க்கையில் ஒரு தரமாவது செய்கிற தப்பு.

"அந்தாளு எந்திரிச்சி எந்திரிச்சி உக்காந்து எளைச்சிருப்பான்" என்றார் அக்கா. டப்பாவை மூடிக்கொண்டு தன் மேஜைக்குப் போய்விட்டார்.

அவர் பங்குக்கு அவர் சொன்னது அவ்வளவுதான். தப்பு எங்கே என்று அவர் ஒருநாளும் எனக்குக் காட்டியதில்லை. பல தடவை அவருக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன். நின்றுபோன ஒன்றுக்குப் பக்கத்தில் பயப்படாமல் உட்கார அவருக்குத் தெரியும். அவ்வளவே.

மனிதர்களிடமும் அப்படித்தான், அதுதான் கொஞ்சம் சங்கடம். ஒருமுறை எனக்குப் பார்த்த பெண் வீட்டார், மாடியில் கம்ப்யூட்டர் தட்டுகிற வேலையெல்லாம் நிலையில்லை என்று மறுத்துவிட்டார்கள். மறுநாள் ஆபீஸுக்கு வந்து ஒன்றுமில்லாததுபோல் உட்கார்ந்திருந்தேன். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரில் வந்து உட்கார்ந்தார், கை மடியில். "இன்னாப்பா, மொகத்துல பொட்டி வந்து நிக்குது. படி" என்றார். ஆறுதல் சொல்லவில்லை, தேற்றவில்லை. நான் படிக்கிற வரைக்கும், அதாவது சொல்லி முடிக்கிற வரைக்கும், எழுந்திருக்கவும் இல்லை. எனக்கு அழுகையும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

ஏன் அப்படி என்று ஒரே ஒரு தரம் சொன்னார். அதுவும் பாதிதான். "எங்கப்பா எப்ப கேட்டாலும் ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்லம்மான்னுதான் சொல்வாரு. மார்ல கைய வச்சிக்கினே சொல்வாரு." அதற்குமேல் சொல்லவில்லை. சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

இனி எங்கள் முதலாளியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் அப்பா பிரெஞ்சுக்காரர் காலத்து உத்தியோகஸ்தர். அதனால் தெருவில் எல்லாரும் இவரையும் பிரெஞ்சு மரியாதையில் முசே என்றே கூப்பிட்டார்கள். தங்கமான மனுஷர். மழை பெய்தால் எங்களுக்கு வீட்டிலிருந்து காபி வரவழைப்பார். அவருக்கும் ஒரு வாக்கு உண்டு: 'பா கிராவ்.' பிரெஞ்சில், பரவாயில்லை, ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை என்று அர்த்தம். கரண்ட் போனாலும் பா கிராவ், கஸ்டமர் திட்டினாலும் பா கிராவ். அந்த இரண்டு சொல்லிலும் தோளை ஒரு ஏற்று ஏற்றி இறக்குவார்; பார்க்கிற நமக்கே பாரம் இறங்கும்.

அவர் எழுதுகிற விஷுவல் பேசிக் புரோகிராம்களிலும் அந்தத் தோள் இருந்தது. ஒவ்வொன்றின் தலையிலும் முதல் வேலையாக ஒரு வரியைப் போடுவார்: ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட். தப்பு நடந்தால் நிற்காதே, யாரிடமும் சொல்லாதே, அடுத்த வரிக்குப் போய்க்கொண்டே இரு என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற வரி. அதைப் போட்டுவிட்டால் கஸ்டமர் கண்ணில் பிழைப்பெட்டியே படாது. ஊர் முழுக்க அப்போது எல்லாரும் அதைத்தான் போட்டார்கள், நானும்தான். அக்கா மட்டும் போட மாட்டார். "தப்பு பண்ணா கத்தணும் சார். கத்தாத மொழியில எனக்கு எழுத வராது" என்பார். முசே தோளை ஏற்றி இறக்குவார். இரண்டு பேரும் இப்படியே சில வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தார்கள்.

தேங்காய்த்திட்டு வேலை வந்தபோதுதான் அது முட்டிக்கொண்டது. எந்தப் படகு எப்போது கடலுக்குப் போனது, எப்போது திரும்பியது என்று பதிகிற புரோகிராம். காற்று, புயல் என்று எச்சரிக்கை வந்தால், வெளியே இருக்கிற படகுகளின் பெயர்களை அச்செடுத்து வயர்லெஸ்காரரிடம் கொடுக்க வேண்டும். அவர் ஒவ்வொரு படகாகக் கூப்பிட்டுத் திரும்பி வரச் சொல்வார். அதற்கு முன்பெல்லாம் அவர் துறைமுகம் நெடுகிலும் நடந்துபோய், உன் படகு எங்கே, உன் படகு எங்கே என்று வாயால் கேட்டுத் தெரிந்துகொள்வார். இது நன்றாக ஓடினால் கடலூர்க்காரர்களும் காரைக்கால்காரர்களும் வாங்குவதாகப் பேச்சு. அது வராவிட்டால் ஆபீஸை மூட வேண்டியிருக்கும் என்று முசே என்னிடம் தனியாகச் சொல்லியிருந்தார். அந்த ஒரு தரம் தோள் ஏறவில்லை.

அக்காதான் எழுதினார், முசேவுக்குப் பிடித்த விஷுவல் பேசிக்கிலேயே. சங்கத்துக் குமாஸ்தாவுக்குக் கண் சரியில்லை, பெரிய எழுத்து வேண்டும் என்பது அக்காவின் காரணம். சோதனைக்காகத் துறைமுகத்துக்குக் கொண்டுபோனவர் முசே. கொண்டுபோவதற்கு முன்னால் அந்த ஒரு வரியைச் சேர்த்துவிட்டார். குமாஸ்தா கொஞ்ச நாள் ஓட்டிப் பார்த்துவிட்டு, ஒரு தொந்தரவும் இல்லை, பட்டனை அழுத்தினால் பதிந்தாயிற்று என்று வந்துவிடுகிறது என்று புகழ்ந்து தள்ளினார்.

திறப்புவிழாக் காலையில் வானம் மப்பாக இருந்தது. ஐப்பசி. ஒன்றாம் எண் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்தார்கள். சாமியானா போட்டாயிற்று, பிரியாணிக்குச் சொல்லியாயிற்று, விழாவை எப்படித் தள்ளிவைப்பது? அக்கா கம்ப்யூட்டரில் புரோகிராமைத் திறந்ததும் அந்த வரியைப் பார்த்தார். அதை அழித்தார். பிறகு முசேவிடம் நேராகப் போய், "எடுத்துட்டேன் சார்" என்றார்.

"எல்லார் முன்னாடியும் நின்னுட்டா?"

"நின்னா நிக்கட்டும் சார்."

"நம்ம ஆபீஸ்மா அது" என்றார் முசே. குரல் மிகவும் இறங்கியிருந்தது. அக்கா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் வரியைத் திரும்பப் போடவில்லை.

விழாவுக்கு முன்பே வயர்லெஸ்காரர் அச்செடுத்த பட்டியலை வைத்துக்கொண்டு எல்லாப் படகையும் கூப்பிட்டு முடித்திருந்தார். எல்லாரும் பதில் சொன்னார்கள், எல்லாரும் கரை திரும்பிக்கொண்டிருந்தார்கள். சங்கத் தலைவர் நிம்மதியாக வந்து உட்கார்ந்தார். மங்களகரமாக ஒரு படகின் பெயரை எல்லார் முன்னாலும் பதிவு செய்வது என்று ஏற்பாடு. கரையில் கட்டியிருந்த ஒரு புதுப் படகு; சாமி பெயர், அதோடு குலதெய்வத்தின் பெயர், அதோடு துணை என்று நல்ல நீளம். குமாஸ்தா ஒவ்வொரு எழுத்தாக அடித்துப் பட்டனை அழுத்தினார். பெட்டி வந்து நின்றது.

இந்தக் கதையை அங்கேதான் ஆரம்பித்தேன். முசேவின் கை மவுஸுக்கு மேலே இருக்க, அக்கா அந்தச் செய்தியை வாய்விட்டுப் படித்தார். பிறகு தமிழில் சொன்னார்: "பேருக்கு விட்ட எடம் பத்தல. பதிய முடியலன்னு சொல்லுது."

குமாஸ்தா குழம்பிப்போனார். "இத்த விட நீளமான பேரெல்லாம் போன வாரம் போட்டனேம்மா. பதிஞ்சாச்சின்னு வந்துதே?"

முசேவுக்கு என்னைவிட முன்னாலேயே புரிந்துவிட்டது. அவர் கை மெல்லக் கீழே இறங்கியது. போன வாரமும் பதியவில்லைதான். அந்த ஒரு வரி, தப்பை விழுங்கிவிட்டுப் பதிந்தாயிற்று என்று சொல்லியிருக்கிறது. நீளப் பெயர் வைத்த எந்தப் படகும் பட்டியலில் இல்லை. அவற்றில் ஏதாவது இப்போது கடலில் இருந்தால் அதை யாரும் கூப்பிட்டிருக்கவில்லை.

இப்போது நினைத்தால் அந்த இடத்தில் ஒரு காற்று வந்ததாக ஞாபகம். சாமியானா துணி ஒருமுறை மூச்சு விட்டது.

அக்கா வயர்லெஸ்காரரிடமிருந்து பட்டியலை வாங்கிக்கொண்டு, தலைவருக்காக வைத்திருந்த மைக்கின் முன்னால் போய் நின்றார். "பேருக்கு எடம் கம்மியா வச்சது நான்தான். என் தப்பு" என்றார். முசேவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. "கடல்ல இருக்குதுன்னு இந்த மிஷினுக்குத் தெரிஞ்ச படகெல்லாம் படிக்கிறேன். உங்க படகு வெளிய இருந்து, இதுல பேரு வரலன்னா வந்து சொல்லுங்க."

படித்தார். கடலரசி. முத்துமாரி. லூர்து மாதா. ஒவ்வொரு பெயருக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தினார், அந்தப் படகே பதில் சொல்லக் காத்திருப்பதுபோல. மைக் அந்தப் பெயர்களைக் கட்டிப்போட்ட படகுகளுக்கு மேலேயும் கழிமுகத் தண்ணீருக்கு மேலேயும் கொண்டுபோனது. ஏலம் நின்றது. பனிக்கட்டி உடைக்கிற சத்தம் நின்றது. எனக்கு அது விழாவாகவும் தோன்றவில்லை, வேலையாகவும் தோன்றவில்லை. ஏதோ தூக்கத்தில் யாரோ நம் வீட்டு ஆட்களின் பெயர்களைச் சொல்லிக்கொண்டே போவதுபோல இருந்தது. கடைசிப் பெயரும் வந்து முடிந்தது.

ஏலக்கூடத்திலிருந்து ஒரு அம்மா ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டே வந்தார். "எம்மா, எங்க படகு வரலியே. எம்மவன் அதுலதான் கீறான்."

அக்கா மைக்கை அந்த அம்மாவின் பக்கம் திருப்பினார். "முழுப் பேரும் சொல்லும்மா. எவ்ளோ நீளமா இருந்தாலும் சொல்லு."

அந்த அம்மா சொன்னார். அருள்மிகு என்று தொடங்கி, அங்காளபரமேஸ்வரி வந்து, பாவாடைராயனும் வந்து, துணை என்று முடிகிற பெயர். வயர்லெஸ்காரர் அதை ஒரு எழுத்து விடாமல் கருவியில் சொன்னார். கரகரப்பு. மறுபடியும் சொன்னார். முசே எழுந்துபோய், மூலையில் ஓடிக்கொண்டிருந்த பெரிய மின்விசிறியைத் தன் கையால் அணைத்தார், சத்தம் இல்லாமல் கேட்கட்டும் என்று. அக்கா கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்து கையை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் பெட்டி அப்படியே நின்றிருந்தது. அந்த அம்மா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாவது தரமோ நாலாவது தரமோ சொன்னபோது கரகரப்புக்குள்ளிருந்து ஒரு தூக்கக் குரல், "கேக்குது, கேக்குது. யாரு கூப்புடுறது, இன்னா விசயம்?" என்றது.

அந்த அம்மா நாற்காலியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்புறம்தான் அக்கா மடியிலிருந்து கையை எடுத்தார். மவுஸை மெல்லப் பிடித்து, நின்றிருந்த அந்தப் பெட்டியைத் தொட்டு மூடினார்.